ஈறுக்குக் கீழே ஒரு படி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இந்தக் கதையில் நடந்த தப்பில் பாதி பல் சம்பந்தப்பட்டது, மீதிப் பாதி என் வாய் சம்பந்தப்பட்டது.

நான் பல் மருத்துவர். திருவள்ளூரிலிருந்து காக்களூர் தொழிற்பேட்டைக்குப் போகிற சாலையில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் என் கிளினிக். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தொழிற்பேட்டை ஆட்கள். மூன்றரைக்கு முதல் ஷிப்ட் விடும். நாலு மணியிலிருந்து படிக்கட்டில் சேஃப்டி ஷூ சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். பல்லைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, வலி தாங்காமல் வந்து நிற்பவர்களைத் திட்டுவதும் வைத்தியத்தில் சேர்த்திதான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். "அந்தம்மா திட்டும், ஆனா கைராசிக்காரி" என்று என்னைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இன்னொரு பெருமையும் இருந்தது. நான் போடுகிற கேப்.

பல்லுக்குக் கேப் போடுவது என்றால், பல்லைச் சுற்றிலும் செதுக்கிச் சிறிதாக்கி, அதன் மேல் பல்லைப் போலவே செய்த ஓர் உறையை மாட்டி ஒட்டுவது. கேப் வந்து உட்கார, செதுக்கிய பல்லின் அடியில் ஒரு விளிம்பு வேண்டும். அந்த விளிம்பைப் பல வகையாக வெட்டலாம். சுற்றிலும் சின்னப் படி ஒன்று எடுக்கலாம். படி இல்லாமல் சரிவாக விடலாம். விளிம்பு என்றே ஒன்று இல்லாமல் பல் அப்படியே மெலிந்து கீழே இறங்கும்படியும் செய்யலாம். அப்புறம், இவற்றில் எதுவானாலும் எங்கே நிறுத்துவது என்ற கேள்வி இருக்கிறது. ஈறுக்கு மேலேயா, ஈறு மட்டத்திலா, ஈறுக்குள்ளேயா?

நான் படிக் கட்சி. கல்லூரியில் படிதான் எடுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், எனக்கும் அதில் கை பழகிவிட்டது. முன்பல் என்றால் படியை ஈறுக்குள் நன்றாக இறக்கிவிடுவேன். கேப்பும் பல்லும் சேருகிற கோடு வெளியே தெரியவே கூடாது. "கேப் போட்டதே தெரியல மேடம்" என்று யாராவது சொன்னால் அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு வேண்டாம்.

இந்தக் கதைக்குக் காரணமான பெண் என்னிடம் முதலில் வந்து மூன்று வருடம் ஆகிறது. அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. காக்களூரில் வண்டிக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. ஊர் கடம்பத்தூர். அங்கே ரயிலைப் பிடிக்க ஓடி, மழைத் தண்ணீர் தேங்கிய நடைமேடையில் வழுக்கி விழுந்ததில் முன்பல் பாதி உடைந்துவிட்டது. வாயைத் திறந்து பார்த்தால், அதே பக்கத்தில் நாலாவது பல்லும் சொத்தையாகி வேர்வரை போயிருந்தது. இரண்டுக்கும் வேர்ச் சிகிச்சை செய்து, ஒரே மாதத்தில் இரண்டுக்கும் கேப் போட்டேன்.

முன்பல்லுக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். ஈறுக்குள் மெல்லிய நூலைச் செருகி ஒதுக்கி, உள்ளே ஆழமாக, அழகாக ஒரு படி வெட்டினேன். நாலாவது பல்லுக்கு அவ்வளவு மெனக்கெடவில்லை. சிரித்தால் நிழலில் இருக்கிற பல் அது. அவளுக்கும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஈறுக்கு ஒரு நூலிழை மேலேயே சரிவாக நிறுத்திவிட்டு, அளவு எடுத்துக் கேப் செய்கிற லேபுக்கு அனுப்பினேன். வேலை முடிந்ததும் முன்பல்லை மூன்று பக்கத்திலிருந்து போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். இன்னொன்றை எடுக்கத் தோன்றவே இல்லை.

நாலு மாதம் கழித்து வந்தாள். முன்பல் கேப்பைச் சுற்றி ஈறு நாவல்பழ நிறத்தில் உப்பியிருந்தது. தொட்டால் ரத்தம்.

"பிரஷ் பண்றியா இல்லையா?" என்றேன்.

"ரெண்டு வேளையும் தேய்ச்சிக்கினுதான் இருக்கேன் மேடம்."

"தேய்ச்சா ஏன் இப்படி இருக்கு? கேப் போட்டாச்சுன்னு அந்த இடத்தை அப்படியே விட்டிருப்ப. எல்லாரும் இதைத்தான் பண்றீங்க."

சுத்தம் செய்து, கொப்பளிக்க மருந்து கொடுத்து, அவளுடைய சிகிச்சைக் கார்டில் ஒரு வரி எழுதினேன். வாய் சுத்தம் போதாது. கை தானாக எழுதுகிற வரி அது. இன்னார் என்று பார்க்காமல் எத்தனையோ கார்டில் எழுதியிருக்கிறேன்.

இரண்டு மாதத்தில் திரும்ப வந்தாள். ஈறு அப்படியே இருந்தது. இந்தத் தடவை பக்கத்துப் பற்களில் ஈறு தேய்ந்து வேர் லேசாக எட்டிப் பார்த்தது. கேட்டால், கெட்டியான பிரஷ்ஷாகப் பார்த்து வாங்கி, மதியம் கம்பெனி பாத்ரூமிலும் சேர்த்து மூன்று வேளை தேய்க்கிறாளாம். "இப்படியா முரட்டுத்தனமா தேய்ப்பாங்க?" என்று அதற்கும் ஒரு பாட்டு விட்டேன். தேய்த்தாலும் திட்டு, தேய்க்காவிட்டாலும் திட்டு. இப்போது எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. கார்டில் மட்டும் அதே வரியை மறுபடியும் எழுதினேன்.

மூன்றாவது தடவை அவள் வந்தபோது பேசும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொண்டாள். கையை எடு என்றேன். எடுத்தாள், உடனே மூடிக்கொண்டாள். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். வாயில் வாடை வருகிறது. கேன்டீனில் தோழிகளோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய்விடுகிறாள். வீட்டில் மாமியார், காலையில் அவள் தேய்த்து முடிக்கும்வரை குழாயடியிலேயே நின்று பார்க்கிறாராம். எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை வேறு. அவளை லைன் லீடராக்கப் போகிறார்கள். லைன் லீடர் என்றால் தினமும் காலையில் இருபது பெண்களுக்கு முன்னால் நின்று பாதுகாப்பு உறுதிமொழியை உரக்கப் படிக்க வேண்டும், மற்றவர்கள் திரும்பச் சொல்ல வேண்டும்.

"அத்தினி பேருக்கு எதுர வாயத் தொறக்கணும் மேடம். நான் வேணான்னு சொல்லிட்லாமான்னு பாக்கறேன்."

நான் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, அதைச் சரியாகப் பார்க்காமலே, "இப்படியே போனா எலும்பு கரைஞ்சு பல்லை எடுக்க வேண்டிவரும்" என்றேன். பயமுறுத்தினால் ஒழுங்காகத் தேய்ப்பாள் என்ற கணக்கு. அவள் முகம் செத்துப்போயிற்று. நான் கார்டை இழுத்து எழுத ஆரம்பித்தேன்.

"இன்னா எழுதறீங்க மேடம்?"

சொன்னேன்.

நான் எழுதுகிற பேனாவையே பார்த்தாள். அப்புறம் ரொம்பப் பணிவாகத்தான் கேட்டாள்.

"எங்க கம்பெனில ஒரு பீஸு ரிஜெக்ட் ஆச்சுன்னா ஒரு ஷீட்டு எழுதணும் மேடம். ஏன் ஆச்சுன்னு எழுதணும். அது ஏன்னு எழுதணும். அப்டியே அஞ்சு வாட்டி. அதுல 'ஆப்பரேட்டர் கவனம் இல்ல'ன்னு மட்டும் எழுதவே கூடாது. எழுதினா ஷீட்டத் திருப்பி அனுப்பிடுவாங்க. ஆளு மேல பழி போட்டா அதுக்கு மேல யாரும் தேட மாட்டாங்கன்னு சொல்வாங்க."

"அதுக்கு?"

வாயைத் திறந்து முன்பல் கேப்பில் ஒரு விரலை வைத்தாள். அப்புறம் நாலாவது பல் கேப்பில் வைத்தாள்.

"இதுவும் நீங்க போட்டதுதான். அதுவும் நீங்க போட்டதுதான். ரெண்டையும் நான்தான் தேய்க்கிறேன். அதே கையி, அதே பிரஷ்ஷு. நான் அழுக்கா இருந்தா ரெண்டுமில்ல மேடம் கெட்டிருக்கணும்? அது நல்லாக்கீதே, ஏன்?"

எனக்கு வந்ததே கோபம். "நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்று கேட்டுவிட்டேன். அவள் பையை எடுத்துக்கொண்டு, "சாரி மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கார்டில் பாதி எழுதிய வரி அப்படியே நின்றது.

அடுத்த ஆளுக்கு வேர்ச் சிகிச்சை. கை அதன்பாட்டுக்கு வேலை செய்தது, மனசு மட்டும் அந்த இரண்டு கேப்பையே சுற்றிக்கொண்டிருந்தது. கேள்வியில் ஓட்டையே இல்லை, அதுதான் எரிச்சல். ஒரே வாய், ஒரே எச்சில், ஒரே பிரஷ், ஒரே லேப், ஒரே சிமெண்ட், ஒரே டாக்டர். மாறியது ஒன்றே ஒன்றுதான். நான் வெட்டிய விளிம்பு.

எல்லாரும் போனபிறகு அவளுடைய எக்ஸ்ரேயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து ஒழுங்காகப் பார்த்தேன். கேப்பின் விளிம்புக்கும் உள்ளே இருக்கிற எலும்புக்கும் நடுவில், ஈறு பல்லைப் பிடித்துக்கொள்ள இரண்டு மூன்று மில்லிமீட்டராவது இடம் விட வேண்டும். இது முதல் வருட மாணவனுக்குத் தெரிகிற விஷயம். நான் ஒன்றுகூட விடவில்லை. கோடு தெரியக்கூடாது என்று இறக்கி இறக்கி, ஈறு குடியிருக்கிற இடத்திலேயே போய்ப் படியைப் போட்டிருக்கிறேன். போதாததற்கு அந்த இடத்தில் கேப் கொஞ்சம் தடித்தும் இருந்தது. அளவு சேராத செருப்பு குதிகாலைக் கடிக்கிற மாதிரி அது நாளெல்லாம் ஈறைக் கடித்துக்கொண்டிருக்கிறது. அவள் எவ்வளவு தேய்த்தால்தான் என்ன? பிரஷ் போகிற இடமே இல்லை அது. நாலாவது பல்லில் விளிம்பு வெளியே இருந்தது. பிரஷ் பட்டது, ஈறு அதன்பாட்டுக்கு இளஞ்சிவப்பாக, கெட்டியாக உட்கார்ந்திருந்தது. நான் உயிரைக் கொடுத்துச் செய்தது கெட்டது, போகிற போக்கில் செய்தது பிழைத்தது.

மறுநாள் நானே போன் செய்தேன். நான் பேசுவது என்று தெரிந்ததும் அவள் முதலில் சொன்னது, "மேடம், நேத்து அதிகமா பேசிட்டேன்" என்பதுதான். "இல்லம்மா. தப்பு என்னோடது. வா, சரி பண்ணலாம்" என்றேன். அவள், "பல்ல எடுக்கணுமா மேடம்?" என்று கேட்டாள். எடுக்காமல் முடியுமா என்று எனக்கே நிச்சயமில்லை. பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

வார விடுமுறையில் வந்தாள். கேப்பை அறுத்து எடுத்தேன். வெட்டிய பல்லை மறுபடி வளர்க்க முடியாது, ஆனால் வெட்டிய படியை அழிக்க முடியும். சில வருடங்களாக எங்கள் ஆட்கள் நடுவில் பேசப்படுகிற முறைதான் அது. படியைத் தேய்த்து மழித்து, விளிம்பே இல்லாமல் பல் வழவழவென்று இறங்கும்படி செய்துவிட வேண்டும். அதன் மேல் தற்காலிகமாக ஒரு கேப், உள்ளே இறங்காமல் ஈறின் வாசலிலேயே நிற்கிற மாதிரி. அப்புறம் நமக்கு வேலை இல்லை. ஈறுதான் வேலை செய்யும். எனக்கு இந்த முறையில் நம்பிக்கை இருந்ததில்லை. விளிம்பே இல்லாமல் என்ன கேப் என்று கிண்டல்கூடச் செய்திருக்கிறேன்.

வாராவாரம் வரச் சொல்லிப் பார்த்தேன். முதல் வாரம் ரத்தம் குறைந்தது. மூன்றாவது வாரம் அந்த ஊதா நிறம் போய்விட்டது. இரண்டு மாதத்தில், தற்காலிகக் கேப்பைச் சுற்றி ஈறு தானே இறங்கி வந்து, தடிப்பாக, சட்டைக் காலர் மாதிரி பல்லை அணைத்துக்கொண்டது. இடம் விட்டால் ஈறு அவ்வளவு சாது. இதற்குள் அவளுக்கு மென்மையான பிரஷ் ஒன்று வாங்கிக் கொடுத்து, இரண்டு வேளை போதும் என்று மாமியாருக்கும் போனில் சொன்னேன். மாமியார் நம்பவில்லை. "நெசமாவே அவ மேல தப்பு இல்லியா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

மூன்றாவது மாதக் கடைசியில் நிரந்தரக் கேப்பை ஒட்டினேன். அந்த வாரம்தான் அவள் லைன் லீடர் ஆகியிருந்தாள். கண்ணாடியைக் கையில் கொடுத்ததும் உதட்டை மேலே தூக்கி, ஈறை நகத்தால் அழுத்தி, உள்ளே வெளியே என்று ஒரு பீஸைச் சோதிக்கிற மாதிரியே சோதித்தாள். அப்புறம் நாற்காலியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு உறுதிமொழியின் முதல் வரியைக் கணீரென்று சொன்னாள். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

"ஷீட்ட முடிச்சிட்டீங்களா மேடம்?" என்றாள் சிரித்துக்கொண்டே.

நான் உண்மையிலேயே எழுதியிருந்தேன். அவள் கார்டின் பின்பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக. ஈறு ஏன் வீங்கியது? படி ஆழம். படி ஏன் ஆழம்? கோடு தெரியக்கூடாது. அவள் கேட்டாளா? கேட்கவில்லை, கேப் போட்டதே தெரியவில்லை என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. ரத்தம் வந்தபோது ஏன் சந்தேகப்படவில்லை? என்னிடம் பதில் தயாராக இருந்தது. ஏன் தயாராக இருந்தது? வருகிறவர்கள் அழுக்கு என்று நான் முன்னாலேயே முடிவு செய்திருந்தேன்.

அவள் நிதானமாகப் படித்தாள். தலையாட்டினாள். சரி, இத்தோடு முடிந்தது என்று நான் கார்டை வாங்கக் கை நீட்டினேன்.

"பழைய லாட்டு?" என்றாள்.

"என்னது?"

"காரணம் தெரிஞ்சிதுன்னா, அதே மிஷின்ல முன்னாடி ஓட்டின லாட்டு பீஸெல்லாம் எடுத்து செக் பண்ணணும் மேடம். அத்த பண்ணாம ஷீட்ட மூட முடியாது."

அவள் போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க மாலையில் கார்டு அலமாரியைக் குடைந்தேன். முன்பல் கேப்பும் அந்த வரியும் ஒன்றாக இருக்கிற கார்டு பதினொன்று கிடைத்தது. எல்லாமே என் தப்பு என்று நெஞ்சில் அடித்துக்கொள்ள மாட்டேன். சிலர் நிஜமாகவே பிரஷ்ஷைத் தொடாதவர்கள்தான். ஆனால் எக்ஸ்ரேயை எடுத்து வைத்துப் பார்த்தபோது, ஏழு பேருக்கு அதே படி, அதே ஆழம். ஏழு பேரில் ஒருவர்கூடச் சண்டைக்கு வரவில்லை. இரண்டு மூன்று தடவை வந்து திட்டு வாங்கிக்கொண்டு, அப்புறம் வராமல் நின்றுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் போன் செய்தேன். முதல் கார்டு ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவருடையது. கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலையில் உலைப் பக்கம் வேலை. மகளைக் காக்களூரில் கட்டிக்கொடுத்திருந்ததால் என்னிடம் வந்தவர். கார்டைப் பார்த்ததும் அவர் நினைவு வந்தது. ஒரு வருடத்துக்கு முன்னால் கடைசியாக வந்தபோது, பிறந்து சில மாதமே ஆன பேத்தியைத் தூக்கிக்கொண்டு மகளும் கூட வந்திருந்தாள். மகளை வைத்துக்கொண்டே அவரிடம் நான் சொன்னதும் நினைவு வந்தது. "பேத்தியைக் கொஞ்சணும்னா முதல்ல வாயைச் சுத்தமா வெச்சுக்குங்க பெரியவரே" என்றேன். நகைச்சுவையாகத்தான் சொன்னேன். அப்போது அவரும் சிரித்தார்.

நான் யார் என்று சொன்னதும் அவர் பதறிவிட்டார்.

"மேடமா? வரணும்னுதான் மேடம் இருந்தேன். அந்த ஈறு இன்னும் அப்டியேதான் கீது. நான்தான் சரியாத் தேய்க்கல போல. இன்னா பண்ணாலும் சுத்தம் ஆவ மாட்டேங்குது. பேஜாரா கீதுன்னு உட்டுட்டேன்."

"அதுக்காக இல்ல ஐயா," என்றேன். "உங்க எக்ஸ்ரேயை மறுபடி பார்த்தேன். நான் பல்லை வெட்டினதுலதான் தப்பு. ஈறு வீங்கினது அதனால. நீங்க தேய்க்கிறதுல ஒரு குறையும் இல்ல. வாங்க, நான் சரி பண்ணித் தரேன்."

பக்கத்தில் ஒரு குழந்தை ஏதோ மழலை பேசுகிற சத்தமும், ஒரு பெண் அதை அதட்டுகிற சத்தமும் கேட்டன. மகள் வீட்டில்தான் இருந்தார் போல. அவர் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அப்ப," என்றார் மெதுவாக, "நான் சுத்தமாத்தான் இருந்துகினேனா மேடம்?"

"சுத்தமாத்தான் இருந்தீங்க ஐயா."

"நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

"சரி மேடம்" என்றார். போனை அணைக்க மறந்துவிட்டார். காதிலிருந்து எடுத்து எங்கோ வைக்கிற சத்தமும், அதற்கப்புறம் கொஞ்சம் தள்ளி அவர் குரலும் கேட்டன.

"அந்தக் கொயந்தய இப்டிக் குடும்மா."